வேற்றுக்கிரகத்து அம்மாவின் அலமாரி

பர்பாங்க், கலிஃபோர்னியா
4 செப்டம்பர் 1995

அன்புள்ள வெல்டா அக்காவுக்கு,

யூரிஸ் எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நீ ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறாயா, இரண்டுக்கும் பதில் எழுது.

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. என் கதையைப் படமாக எடுக்கப் போகிறார்கள். இருபது வருடமாகத் தொலைக்காட்சியில் மற்றவர்கள் சொல்வதற்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஐம்பத்திரண்டு வயதில் இது கிடைத்திருக்கிறது. இரண்டாவது முறை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேற்றுக்கிரகத்திலிருந்து நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஓஹையோவில் ஒரு புறநகர்த் தெருவில் வந்து குடியேறுகிறது. அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகம் வரக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் அடுத்த வீட்டைப் பார்த்தே செய்கிறார்கள். அப்பா, பத்திரிகை விளம்பரத்தில் பார்த்தபடி கோட்டும் டையும் போட்டுக்கொண்டு புல் வெட்டுகிறார். இலையுதிர் காலத்தில் எதிர்வீட்டுக்காரர் இலைகளைக் கூட்டி அள்ளுவதைப் பார்த்துத் தாங்களும் அள்ளி, ஏணி போட்டு ஏறி, மரத்தில் திரும்ப ஒட்டவைக்கிறார்கள். மகள்தான் கெட்டிக்காரி. நூலகத்துப் புத்தகங்களைப் படித்து மற்ற மூவருக்கும் இந்த ஊர் வழக்கங்களைச் சொல்லிக்கொடுப்பாள். அது யாரென்று உனக்குப் புரிந்திருக்கும்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
யூரிஸ்


லார்ச் தெரு, ஓஹையோ
16 செப்டம்பர் 1995

அன்புள்ள தம்பி யூரிஸ்,

அம்மாவின் முழங்கால் மழை வரும் நாளை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. மற்றபடி இருவரும் சுகம். நான் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். எழுந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததை அம்மா பார்த்துவிட்டாள். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். உடனே கேட்டாள்: "வேற கிரகத்துலேருந்து வந்தவங்கன்னா, அவங்க வீட்ல யாரு சமைக்கறது? அவங்க சாமானுக்கு இங்க கடை இருக்கா?" பிறகு சொன்னாள்: "படம் வந்தா என்னைக் கூட்டிட்டுப் போ. லொரெய்னையும் கூப்பிடணும்." பக்கத்து வீட்டு லொரெய்ன் ஹாட்லிக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. தினமும் மூன்று மணிக்கு இன்னும் காப்பிக்கு வருகிறாள். அம்மா கடைசியாகச் சினிமாக் கொட்டகைக்குப் போனது அப்பா இருந்தபோது.

அந்தச் சிரிப்புக் காட்சியை எனக்கு அனுப்பு. போனில் சொல்லாதே. போனில் பேசினால் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை, நீயோ பேச்சை மாற்றிவிடுவாய். கடிதமென்றால் இருவரும் தப்பிக்க முடியாது.

கோட்டுப் போட்டுப் புல் வெட்டியதை அப்பா பார்த்திருக்க வேண்டும்.

உன் அக்கா,
வெல்டா


பர்பாங்க்
1 அக்டோபர் 1995

அன்புள்ள அக்கா,

இருமல் ஒன்றைத் தவிர நலம். காட்சியை இத்துடன் வைத்திருக்கிறேன். படிப்பதற்கு முன் இதைக் கேள்.

1950 அக்டோபர். லாட்வியாவை விட்டு ஓடி ஜெர்மனியில் ஐந்து வருடம் அகதி முகாம், பிறகு கப்பல், பிறகு லார்ச் தெரு வாடகை வீடு. உனக்குப் பதினொன்று, எனக்கு ஏழு. முதல் வாரத்தில் தெருப் பெண்கள் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரங்களில் சமைத்த உணவு கொண்டுவந்தார்கள். ஒன்பது பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப்பில் ஒரு பெயர். அந்த டேப் இருந்தால் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நம் அம்மாவோ, அன்பளிப்புக் கொடுத்தவரை மறந்துவிடக் கூடாது என்றுதான் பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஒன்பதையும் தேய்த்துத் துடைத்து அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். ஏழு வாரம் கழித்து அதே பெண்களைக் காப்பிக்கு அழைத்து, அந்த அலமாரிக்கு எதிரிலேயே உட்கார வைத்தாள்.

படத்திலும் அதேதான். பெண்கள் காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அவரவர் பாத்திரத்தைப் பார்க்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. வேற்றுக்கிரகத்து அம்மா பெருமையோடு நிற்கிறாள். அம்மாவின் நெற்றியில் மூன்றாவது கண் ஒன்றைச் சேர்த்தேன். மற்றபடி எதையும் மாற்றவில்லை.

முதல் தடவை வாசித்துக் காட்டியபோது இயக்குநர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று எழுது.

யூரிஸ்


லார்ச் தெரு
20 நவம்பர் 1995

அன்புள்ள யூரிஸ்,

பதில் எழுத ஏழு வாரமாகிவிட்டது. உன் இருமல் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு லொரெய்ன் வருகிறாள். அம்மா இப்போதே வான்கோழியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிடு.

நன்றாக எழுதவில்லை என்று சொல்லவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் பாடம் நடத்திய நாலாம் வகுப்பில் டெரன்ஸ் என்று ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் எழுதிய கணக்கைக் கேட்டால் வாய்க்கு வந்த விடையைச் சொல்வான். வகுப்பே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். வேடிக்கையான பிள்ளை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வருடம் முடிகிற நேரத்தில்தான் தெரிந்தது, அவனுக்குக் கரும்பலகையே கண்ணுக்குத் தெரியவில்லை. சிரித்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அவன் ஒரு வருடம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தான்.

காப்பிக்கு வந்தவர்கள் போன பிறகு, அம்மா அந்தப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். உனக்கு நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றிலும் இறைச்சி வைத்த ரொட்டி சுட்டு நிரப்பி எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு வாசலிலும் எவ்வளவு நேரம் நிற்பாள். அந்த வெட்கத்தை எண்பது வயதில், திரையில், லொரெய்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மறுபடியும் பார்க்க வேண்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெல்டா


பர்பாங்க்
2 டிசம்பர் 1995

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. வான்கோழி எப்படி வந்தது?

நீ சொன்னதை நாலு நாள் யோசித்தேன். சிரிப்பு அம்மாவைப் பார்த்து அல்ல, கேட்கத் தைரியமில்லாத அந்த ஒன்பது பெண்களைப் பார்த்து என்றுதான் நான் எழுதினேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். இந்தக் காட்சிக்காகத்தான் இந்தப் படத்தையே எடுக்கிறார்கள். நானாக அதை நீக்கச் சொன்னால், வேறொருவரை வைத்து எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் இது உன் கதையும் இல்லை, என் கதையும் இல்லை. அம்மாவின் கதை. அதனால் அம்மாவுக்கு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு லாட்விய மொழியில் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நம் மொழியில் அவளுக்கு வாசித்துக் காட்டு. அவள் வேண்டாம் என்று சொன்னால், யாருடன் சண்டை போட்டாவது எடுத்துவிடுகிறேன். அவள் சொன்னதை அப்படியே எழுது.

யூரிஸ்


லார்ச் தெரு
12 டிசம்பர் 1995

அன்புள்ள யூரிஸ்,

நாங்கள் நலம். பனி அதிகம்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்கிறாள்.

கிறிஸ்துமஸுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறோம்.

வெல்டா


பர்பாங்க்
20 ஜனவரி 1996

அன்புள்ள அக்கா,

காலுறை வந்தது. இந்த ஊர் வெயிலில் போட முடியாது. ஆனாலும் எழுதும்போது போட்டுக்கொள்கிறேன்.

காட்சியை நீக்கியாயிற்று. மூன்று கூட்டம் நடந்தது. இயக்குநர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்கம்மா சொன்னாங்கன்னா நான் என்ன சொல்றது. எனக்கும் அம்மா இருக்காங்க" என்றார். அதற்குப் பதிலாகப் புல் வெட்டும் இயந்திரம் தானாக ஓடி அந்த அப்பாவைத் தெருவெல்லாம் துரத்துகிற காட்சியை வைத்திருக்கிறார்கள். அதை எழுதியவன் இருபத்தாறு வயதுப் பையன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். என் பெயருக்குப் பக்கத்தில் இனி அவன் பெயரும் வரும்.

நான் வருத்தப்படவில்லை என்று அம்மாவிடம் சொல். அவள் வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருக்கிறது. கேட்காமலே படமாக்கியிருந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நீ சொன்னதுதான் சரி.

அம்மாவின் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடு.

யூரிஸ்


லார்ச் தெரு
11 பிப்ரவரி 1996

யூரிஸ்,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று முகமில்லை. உன் கடிதத்தை மூன்று வாரமாகச் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அம்மாவுக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உன் உறை பிரிக்காமல் என் தையல் பெட்டியில் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நீ அனுப்பிய காட்சியில் அந்த மகள் எல்லா வழக்கத்தையும் படித்தவள், இந்த ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாமல் போயிற்று என்று எழுதியிருந்தாய். யூரிஸ், அந்த மகளுக்குத் தெரியும். பாத்திரங்கள் வந்த மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்தில் பெவர்லி ஹாட்லி, லொரெய்னின் மகள், எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து சொன்னாள்: "எங்கம்மா அவங்க பாத்திரத்தக் கேக்கறாங்க. உங்க ஊர்ல மத்தவங்க பொருள வச்சுக்கிட்டாத் தப்பில்லயாமே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்க எங்கம்மா இல்ல. அந்த வீட்ல நான் சும்மா தங்கியிருக்கேன், அவ்வளவுதான்" என்றேன்.

அம்மாவிடம் பாத்திர விஷயத்தைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் அந்த அலமாரியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அந்தப் பெண்களை அவள் காப்பிக்கு அழைத்தபோதும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மத்தியானமே நடந்திருக்காது.

அம்மாவின் வெட்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நான் காப்பாற்றியது என்னுடையதை. அதற்கு உன் படத்தைக் கொடுத்துவிட்டேன்.

வெல்டா


பர்பாங்க்
9 ஏப்ரல் 1996

அக்கா,

இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலை காரணமில்லை. கோபமாக இருந்தேன். முதலில் படத்துக்காக. பிறகு எதற்கென்று எனக்கே தெரியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைமேல் கோபப்பட முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை. ஐம்பத்தாறு வயதுக்காரிமேல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

படப்பிடிப்பு போன வாரம் முடிந்தது. சில துண்டுகள் மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருப்பதால், படத்துக்குப் போட்ட வீட்டு அரங்கத்தை மே மாதக் கடைசி வரை பிரிக்க மாட்டார்கள். இதைச் சும்மா தகவலாகத்தான் சொல்கிறேன்.

நீ எனக்கு எழுதியதை எனக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. நான் உன் தம்பி, தாங்கிக்கொள்வேன். தையல் பெட்டியில் இருப்பது அம்மாவுக்கு எழுதிய கடிதம். அதை அம்மாவிடம் கொடு.

முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் எழுது.

யூரிஸ்


லார்ச் தெரு
21 ஏப்ரல் 1996

அன்புள்ள தம்பி,

முழங்கால் இந்த வசந்தத்தில் பரவாயில்லை. நான் நன்றாக இருக்கிறேனா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல்.

நேற்றுக் காலை அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து உன் உறையைப் பிரித்தேன். "அம்மா, உன் பாத்திர அலமாரியை நான் ஒரு படத்தில் வைத்திருக்கிறேன். ஜனங்கள் சிரிப்பார்கள். உனக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன்" என்று தொடங்கி முழுவதும் வாசித்தேன். அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"அதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள்.

"உனக்குத் தெரியாம அவங்களோட பாத்திரத்தையே அவங்களுக்குக் காட்டினியே, அது."

"யாரு சொன்னா தெரியாதுன்னு?"

அவள் ஒரு கிழங்கை முடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "மொதல்ல தெரியாதுதான். மூணாவது வாரம் லொரெய்ன் வாசல்ல வந்து நின்னு கையால வட்டம் போட்டுக் காட்டினா, மூடி மாதிரி. எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரியாத மாதிரி சிரிச்சுக்கிட்டே கையைப் புடிச்சு உள்ள இழுத்து உக்கார வச்சுக் காப்பி குடுத்தேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா. பாத்திரத்த அப்பவே குடுத்திருந்தேன்னா வாசலோட போயிருப்பா."

"அதனால?"

"அதனால என்னடி அதனால. எனக்கு அவங்க பாஷைல பத்து வார்த்தை தெரியாது. உங்கப்பா விடிஞ்சாப் போனா இருட்டினாத்தான் வருவாரு. நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம். செவுத்தப் பாத்துக்கிட்டு நான் மட்டும். அவங்க பொருள் எங்கிட்ட இருக்கற வரைக்கும் எவளாவது ஒருத்தி கதவத் தட்டித்தானே ஆகணும்."

அவள் ரொட்டி சுட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது வெட்கத்தால் இல்லையாம். ஒன்பதையும் ஒரே நாளில் கொடுத்தால் ஒன்பது வீட்டுக்கும் ஒரே தடவைதான் போக முடியும். மாதத்துக்கு ஒன்று என்று கொடுத்தாளாம். நாம் இருவரும் அவள் வாசலில் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்கள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததைப் பார்க்கவில்லை.

பிறகு பெவர்லி விஷயத்தை ஆரம்பித்தேன். பாதியிலேயே அம்மா தலையசைத்தாள். "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுமே. சாப்பிடும்போது அலமாரியப் பாப்ப, என்னைப் பாப்ப, ஒண்ணும் சொல்ல மாட்ட. பரவால்ல, எம்பொண்ணு கெட்டிக்காரி, என்னைக் காட்டிக் குடுக்காம இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் பெவர்லியிடம் சொன்ன பதிலையும் சொன்னேன். கத்தி நின்றது. "இது எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "ஆனா சாயங்காலம் ஆனாச் சாப்பிட இங்கதானே வந்தே."

மத்தியானம் தானாகவே கேட்டாள்: "அப்ப அந்தப் படத்துல நான் வரமாட்டேனா?" என் பொய்யால் காட்சி போய்விட்டது என்று சொன்னேன். அரங்கத்தை மே கடைசியில்தான் பிரிக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். "அப்ப எழுது அவனுக்கு. முட்டாளா காட்டறதா இருந்தா வேண்டாம். தெரிஞ்சுதான் செஞ்சேன்னு காட்டறதா இருந்தா எடுக்கச் சொல்லு. மூணாவது கண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

அவள் சொன்னதை இந்த முறை அப்படியே எழுதியிருக்கிறேன்.

வெல்டா


பர்பாங்க்
3 மே 1996

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருக்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் கடிதத்தை இயக்குநரிடம் கொடுத்தேன். என்னெதிரிலேயே இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஒரு ரூம், ஒன்பது பொம்பளைங்க, ஒரு அலமாரி. அரை நாள் போதும்" என்றார். வரும் பதினாறாம் தேதி எடுக்கிறோம். இருபத்தாறு வயதுப் பையன் புல் வெட்டும் இயந்திரத்தில் ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டான். நல்ல பிள்ளை. அவனுக்கும் ஒரு ஜோடி காலுறை அனுப்பு.

அம்மாவாக நடிக்கும் பெண் ஒரு கேள்வி கேட்கிறாள். காப்பி ஊற்றும்போது அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள், அலமாரியையா, வந்தவர்களையா? நான் ஒன்று கேட்கிறேன். அந்த நேரத்தில் மகள் எங்கே இருக்க வேண்டும்? நீ சொல்கிறபடி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கும்தான்.

யூரிஸ்


லார்ச் தெரு
8 மே 1996

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகம். தபால் போய்ச் சேர வேண்டுமே என்று சுருக்கமாக எழுதுகிறேன்.

மகள் மாடிப்படியில், கீழிருந்து நாலாவது படியில் உட்கார்ந்திருக்கட்டும். அங்கிருந்து அம்மாவின் முகம் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அம்மாவிடம் கேட்டேன். லொரெய்னும் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசிய மொழி அவளுக்குப் புரியாது. அம்மா சொன்னது இது:

"அலமாரிய எதுக்குப் பாக்கணும், அதான் தினம் பாக்கறேனே. அவங்க மூஞ்சியத்தான் பாத்தேன். யாராவது ஒருத்தி வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே ஒன்பதையும் குடுத்திருப்பேன். யாரும் கேக்கல. அடுத்த வாரமும் வந்தாங்க."

உன் அக்கா,
வெல்டா